அந்த வளைவை நாளையும் கடக்க வேண்டும்

மனநலம்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஆம்புலன்ஸில் பணிபுரிவோரும் அவர்களுடைய வீட்டாரும் தங்கள் மனக்கலக்கங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். மலை மாவட்டமான நீலகிரியிலிருந்தே மிகுதியான கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்கள் கேட்டிருந்தவற்றில் பாதிக்கு அதிலேயே விடை இருப்பதால் அதைக் குறைக்க மனம் வரவில்லை.

*

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் மேட்டுப்பாளையம் சாலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்தது. என் மகளின் வயதே இருந்த ஒரு குழந்தையைப் பள்ளத்திலிருந்து நான்தான் தூக்கி வந்தேன். குழந்தை பிழைக்கவில்லை. அன்றிரவு வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கினேன். பத்து நாள் கழித்துத்தான் தொடங்கியது. அந்த வளைவு நெருங்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்க்கிறது. பிரேக் சூடாகும் வாசனை வந்தால் அந்தக் குழந்தையின் சிவப்பு ஸ்வெட்டர் கண்முன் நிற்கிறது. என் மகளை மடியில் உட்கார வைக்கவே தயக்கமாக இருக்கிறது. "ஆறு வருஷ சர்வீஸ், இன்னுமா மனசு மரத்துப் போகலை?" என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். இது நோயா, கோழைத்தனமா? வேலையை விட்டுவிடலாமா?
– வாசகர், குன்னூர்

தம்பி, பள்ளத்தில் இறங்கிக் குழந்தையைத் தூக்கி வந்த ஒருவர் தன்னைக் கோழை என்று கேட்டுக்கொள்வதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. உங்களுக்கு நேர்ந்திருப்பதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஏன் இப்படி நேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தாலே பாதிப் பயம் குறைந்துவிடுவதை என் அறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

விபத்து நடந்த இடத்தில் உங்கள் மூளை ஒரு சில வேலைகளை மட்டுமே எடுத்துக்கொண்டது: மூச்சு இருக்கிறதா, நாடி இருக்கிறதா, கழுத்தை அசையாமல் பிடிக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் எந்தப் பக்கத்திலிருந்து இறங்கும். துக்கத்துக்கும் திகிலுக்கும் அப்போது இடமில்லை. இடமில்லாமல் போனது நல்லதே, அதனால்தான் உங்கள் கை நடுங்காமல் வேலை செய்தது. ஆனால் சாதாரண நாளின் நினைவு பதிவதுபோல அந்த நேரத்தின் நினைவு பதிவதில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "நேற்று" என்ற முத்திரையோடு அந்த நினைவு வரும். கடும் அதிர்ச்சியில், அபாயத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் பகுதி உச்சத்தில் இயங்க, காலத்தையும் இடத்தையும் சேர்த்துத் தொகுக்கும் ஹிப்போகேம்பஸ் பின்தங்கிவிடுகிறது. எனவே வாசனை, நிறம், ஒலி ஆகியவை தேதி முத்திரையின்றித் துண்டு துண்டாகத் தங்கிவிடுகின்றன. பிரேக் வாசனை வந்ததும் "நான்கு மாதத்துக்கு முன் நடந்தது" என்று நினைவு வராமல் "இப்போது நடக்கிறது" என்று உடம்பு பதறுவது இதனால்தான். பத்து நாள் தாமதமும் வழக்கமானதே. பல பேருக்கு வேலையின் ஓட்டம் சற்று ஓய்ந்த பிறகே மனம் கணக்கைத் திறக்கிறது.

இறந்த குழந்தைக்கும் உங்கள் மகளுக்கும் ஒரே வயது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ இறப்புகளைத் தாங்கிய உங்களை இது ஏன் சாய்த்தது என்பதற்கு அதுவே விடை. குழந்தைகள், தெரிந்தவர்கள், தன் வீட்டாரை நினைவூட்டுபவர்கள் ஆகிய மூன்று வகைக் கேஸ்களும் மிகவும் ஆழமாகப் பாய்கின்றன என்று இப்பணியில் இருப்போர் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். மலையில் இது இன்னும் கடினம். ஒரே தாலுகாவில் பிறந்து வளர்ந்து அங்கேயே வேலை பார்ப்பவருக்கு, அழைப்பு வரும் ஹட்டி என்னும் படுகர் ஊரிலோ, எஸ்டேட் லயன் என்னும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலோ உறவினரோ பள்ளித் தோழரோ இருப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

உடன் பணிபுரிவோர் சொல்லும் "மரத்துப் போதல்" பற்றியும் பேச வேண்டும். அதை அவர்கள் தேர்ச்சியின் அடையாளமாகக் கருதுகிறார்கள். ஆனால் மகிழ்ச்சியும் பாசமும் உட்பட எந்த உணர்வும் எழாமல் போவது இந்தக் கோளாறின் அறிகுறிகளுள் ஒன்றாகவே மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. மகளை மடியில் வைக்கத் தயங்குகிறீர்களே, அந்தத் தயக்கத்தின் முற்றிய வடிவம்தான் மரத்துப் போன மனம். அதை நோக்கிப் போகும்படி ஒருவருக்கு யோசனை சொல்வது, காய்ச்சல்காரரைக் குளிர்ந்த நீரில் தள்ளுவதற்கு ஒப்பானது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி., அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் 1980-இல் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் துன்பம் அதற்கு ஒரு பெரிய காரணம். 2013-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு, தனக்கு நேராத கொடுமையைப் பணியின் பொருட்டு மீண்டும் மீண்டும் எதிர்கொள்பவர்களையும் இந்தக் கோளாறு தாக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லி, சிதைந்த உடல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களை எடுத்துக்காட்டாகக் காட்டியது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஆம்புலன்ஸ் பணியாளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்கு இது இருக்கிறது. ஆகவே நீங்கள் தனித்தவர் அல்லர். அதே சமயம், பெரும்பாலானோருக்கு முதல் சில வாரக் கலக்கம் தானாகவே அடங்கிவிடுகிறது என்பதும் உண்மை. ஒரு மாதத்தைத் தாண்டியும் குறையாமல், வேலையையும் வீட்டையும் அது பாதிக்கும்போதுதான் மருத்துவரிடம் வர வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. வர வேண்டிய நேரம் இது.

இனி அந்த வளைவு. சமவெளியில் இருப்பவர் விபத்து நடந்த தெருவைத் தவிர்த்து வேறு தெருவில் போகலாம். உங்களுக்கு மலையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்க முக்கியமாக இருப்பதே இரண்டு சாலைகள். அதில் ஒன்றுதான் உங்கள் பணியிடம். வளைவு வருகையில் கண்ணை மூடிக்கொள்வது, கைப்பேசியைப் பார்ப்பது, அந்தப் பக்கம் போகும் ஷிஃப்டை மாற்றிக்கொள்வது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இவை ஒவ்வொன்றும் அந்த நிமிடத்தில் ஆறுதல் தரும். ஆனால் "அந்த இடம் ஆபத்தானது, தப்பித்தோம்" என்ற பாடத்தையே மனத்துக்கு மறுபடியும் புகட்டும். சிகிச்சை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை–நடத்தைச் சிகிச்சை என்பது பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள் கொண்டது. துண்டுகளாகக் கிடக்கும் நினைவை, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கோவையாக்கி, "முடிந்துபோனது" என்ற முத்திரையை அதன் மேல் இடுகிறோம். கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் நல்ல பலன் தருகிறது.

அந்தச் சிகிச்சையில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன், நாளையே உதவும் என்பதால். வளைவில் நெஞ்சு படபடக்கும்போது, அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடுகளை மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அன்று மழை, இன்று வெயில். அன்று சாலை முழுக்கக் கண்ணாடித் துண்டு, இன்று தடுப்புச் சுவர்மேல் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. அன்று அந்தக் குழந்தை, இன்று என் மகள் பள்ளியில் இருக்கிறாள். ஒற்றுமையைத் தேடித் தேடிப் பயப்படும் மூளைக்கு வேற்றுமையைக் காட்டும் பயிற்சி இது. விடுமுறை நாளில் வேண்டுமென்றே போய் அந்த இடத்தில் நிற்பது போன்ற பெரிய முயற்சிகளை மருத்துவரைப் பார்த்த பிறகு, அவர் சொல்லும் வரிசையில் செய்யுங்கள், தனியாக வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். நோய் பேசும்போது எடுக்கும் முடிவு அது. சில வாரங்களுக்கு நோயாளிகளை மருத்துவமனைகளுக்கிடையே மாற்றும் பணியையோ பகல் ஷிஃப்டையோ கேட்டுப் பெறுங்கள். குணமான பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக விடலாம், அதில் இழிவு ஏதுமில்லை. உதகையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். மேலிடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

இன்று மாலை மகளை மடியில் வைக்க முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய காலணிக்கு நாடா கட்டிவிடுங்கள், போதும். அங்கிருந்து தொடங்கலாம்.

*

என் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். நோயாளியைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை இல்லை என்றாலும், சில நாள்களில் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம்" என்று எழுந்து போய்விடுகிறார். மூன்று மாதமாகக் குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கோத்தகிரி

சகோதரி, ஓட்டுநர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டதற்கு நன்றி. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 சேவை தொடங்கிய காலத்திலிருந்து ஓட்டுநரைப் பைலட் என்றே அழைக்கிறார்கள். பெயர் கம்பீரமாக இருந்தாலும், அவருடைய சுமை ஒரு தனி வகையானது. பின்னால் நடப்பதை அவர் கேட்கிறார், பார்க்க முடிவதில்லை. அலறலும், அது சட்டென்று நிற்பதும் அவர் முதுகுக்குப் பின்னால் நிகழ்கின்றன; அவரோ மூடுபனியில் அடுத்த வளைவின் விளிம்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். கண்ணால் காணாததை மனம் தானே வரைந்துகொள்கிறது, பெரும்பாலும் உண்மையைவிடக் கொடூரமாக. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துத் தேயிலைச் சரிவில் ஏறுபவரும் அவர்தான். எனவே "அவருடைய வேலை இல்லை" என்ற எண்ணத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும்.

"உனக்கெதுக்கு" என்று அவர் சொல்வது உங்களைத் தள்ளி வைப்பதற்காக இருக்காது. தான் பார்த்தது இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று வாசலிலேயே தடுத்து நிற்கிறார். ஆகவே நடந்தது என்ன என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு லேசான நாளா, பாரமான நாளா? அதை மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் சொல்ல வேணாம்" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அதையும் வாயால் சொல்வதில்லை: பாரமான நாள் என்றால் சீருடைச் சட்டையை வெளித் திண்ணையின் ஆணியிலேயே மாட்டிவிட்டு வருவார், மனைவி புரிந்துகொண்டு வெந்நீர் போட்டு வைப்பார், பிள்ளைகள் அன்று அப்பாவிடம் வீட்டுப்பாடம் கேட்க மாட்டார்கள். பேச்சு இரண்டு நாள் கழித்து வரும், அல்லது வராது. வராவிட்டாலும் அவர் தனியாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குடியைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மது தூக்கத்தில் ஆழ்த்துவதுபோல் தோன்றினாலும், கனவுகள் நிகழும் தூக்க நிலையை முன்னிரவில் அமுக்கிவிடுகிறது. அந்த நிலை பின்னிரவில் மிகையாகத் திரும்பி வருகையில் கொடுங்கனவுகளும் விழிப்பும் கூடவே வருகின்றன. பகலின் நினைவுகளை மனம் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வேலையும் கெடுகிறது. நாளடைவில் அளவு ஏறும். எனினும், தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். "இருந்து என்ன பயன்" என்பதுபோல அவர் எப்போதாவது பேசினால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் கட்டணமில்லாத 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். அவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, நீங்களும் பேசலாம்.

*

யானை தாக்கி இறந்த ஒருவரை ஏற்றி இறக்கிவிட்டு, வழியில் டீக்கடையில் நானும் பைலட் அண்ணனும் ஏதோ சொல்லிச் சிரித்தோம். "மனுஷங்களா நீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. நான் இரக்கம் இல்லாதவளாகிவிட்டேனா?
– பெண் மருத்துவ உதவியாளர், கூடலூர்

இல்லை, அம்மா. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஓர் உடலை ஏற்றுவது எத்தகைய வேலை என்பது அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் இறுகிக் கிடந்த உங்கள் உடம்பு தளர்வதற்கு அழுகையும் சிரிப்பும் இரண்டு வழிகள். சீருடையில் இருப்பவருக்குச் சாலையோரத்தில் கிடைப்பது பெரும்பாலும் சிரிப்புதான். நாம் இருவரும் இன்னும் உயிரோடு இருக்கிறோம், ஒருவரையொருவர் நம்பலாம் என்பதை அந்தச் சிரிப்பு உறுதி செய்கிறது.

நான் கவலைப்படும் இடங்கள் வேறு. இறந்தவரின் வீட்டார் காதில் விழும் தூரத்தில் சிரிப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மன உறுதியைச் சோதிப்பதற்காகக் கொடூரமான கதைகளைச் சொல்லிச் சிரிப்பது இன்னொரு தீங்கு. அது சில இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது என்று கேள்விப்பட்டு வேதனைப்பட்டிருக்கிறேன். சிரிப்பைத் தவிர வேறு எதுவுமே வராமல், வலியில் துடிக்கும் நோயாளி மீதே எரிச்சல் வரத் தொடங்கினால் அது கருணைச் சோர்வு. நீண்ட ஓய்வு வேண்டும் என்பதற்கான அறிகுறி. குற்ற உணர்ச்சியோடு எனக்குக் கடிதம் எழுதும் நிலையில் இருக்கும் உங்களிடம் இரக்கம் வற்றிவிடவில்லை.

*

நான் சில ஆம்புலன்ஸ்களைப் பொறுப்பேற்று நடத்துகிறேன். பெரிய விபத்துக்குப் பிறகு ஊழியர்கள் எல்லோரையும் அன்றே உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் பார்த்ததையும் உணர்ந்ததையும் சொல்லச் சொன்னால் மனப்பாரம் குறையும் என்று ஒரு பயிற்சியில் கேட்டேன். செய்யலாமா?
– வாசகர், உதகை

உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்காதீர்கள். நீங்கள் கேள்விப்பட்ட முறையை 1983-இல் முன்வைத்தவர் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர். அவரே தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிகளில் இருந்தவர். நல்ல நோக்கத்தோடு உலகெங்கும் அது பரவியது. ஆனால் அதிர்ச்சிக்கு ஆளானோருக்கு ஒரே அமர்வில் உடனடியாக இப்படி நடத்தப்பட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002-இல் தொகுத்துப் பார்த்தபோது, அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் துன்பத்தைக் கூட்டியிருக்கலாம் என்றும் தெரிந்தது. இன்னும் பேசத் தயாராகாதவரைப் பேச வைப்பதும், ஒருவர் காணாத காட்சியை இன்னொருவர் வருணிக்கக் கேட்க வைப்பதும் ஆறாத புண்ணைக் கிளறுவதாகிவிடுகின்றன.

உலக சுகாதார அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, மன முதலுதவி என்ற எளிய முறையைப் பரிந்துரைக்கிறது. பார், கேள், இணை என்ற மூன்று சொற்களில் அதைச் சுருக்குகிறார்கள். உங்கள் நிலையில் அது இப்படி அமையும். பெரிய கேஸ் முடிந்ததும் அந்த வண்டியை அரை மணி நேரமாவது அடுத்த அழைப்புக்கு அனுப்பாமல் நிறுத்துங்கள். குளிரில் நனைந்தவருக்கு உலர்ந்த ஸ்வெட்டரும் சூடான தேநீரும் கொடுங்கள். வண்டியைக் கழுவும் வேலையை அந்த இருவர் தலையிலேயே போடாமல் மூன்றாமவர் ஒருவரை அனுப்புங்கள். யார் பேச விரும்புகிறாரோ அவர் பேசட்டும், நீங்கள் காதைக் கொடுங்கள். "நான் அங்கே இருந்திருந்தால்" என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் சொல்லாதீர்கள். சிகிச்சை முறையில் என்ன சரி, என்ன தவறு என்ற ஆய்வைச் சில நாள் கழித்து வேறொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாம் நாளும், ஒரு மாதம் கழித்தும் ஒவ்வொருவரையும் தனியே பார்த்துத் தூக்கம் எப்படி, பசி எப்படி, எரிச்சல் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான பொறுப்பாளர்கள் முதல் நாள் காட்டும் அக்கறையை ஒரு மாதம் கழித்துக் காட்ட மறந்துவிடுகிறார்கள். தேவை அப்போதுதான் அதிகம்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல விரும்புகிறேன். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் இந்திய விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பின் மக்கள். குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வைகளும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 2009 நவம்பர் நிலச்சரிவுகளின் போதும் மண்ணைத் தோண்டியவர்களில் பலர் அக்கம்பக்கத்தாரே. மலையில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை ஊர்தான் ஆம்புலன்ஸ். உங்கள் ஊழியர்களை விசாரிக்கப் போகும்போது, கயிறு கட்டித் தூக்க உதவிய ஊர்க்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

*

மாரடைப்பு நோயாளி ஒருவரை உதகையிலிருந்து கோவைக்கு அழைத்துச் சென்றோம். பர்லியாறு அருகே மூச்சு நின்றது. மார்பை அழுத்தி உயிர்ப்பு முதலுதவி (சி.பி.ஆர்.) செய்துகொண்டே இறங்கினோம்; பிழைக்கவில்லை. "நீ மெதுவாப் போனதாலதான் செத்துட்டார்" என்று உறவினர்கள் அடிக்க வந்தார்கள். உண்மையில், மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லியும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. அன்று இருந்த சிலிண்டர் பாதி வழியில் தீர்ந்தது. அவர் சாவுக்கு நான்தான் காரணம் என்ற எண்ணம் என்னை விடவில்லை.
– வாசகர், குந்தா

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கின்றன.

வேகம் பற்றிய குற்றச்சாட்டு முதலாவது. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் மலையடிவாரத்துக்கு இறங்கும் சாலை அது. பின்னால் ஒருவர் மண்டியிட்டு மார்பை அழுத்திக்கொண்டிருக்கையில், கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திருப்பினால் அழுத்துபவர் நிலை தடுமாறுவார், அழுத்தம் தவறும். நிதானமாக ஓட்டியது சிகிச்சையின் ஒரு பகுதி. உறவினர்களுக்கு அது புரியாது, அந்த நேரத்தில் புரிய வைக்கவும் முடியாது. கையறு நிலையில் இருக்கும் துக்கம் கைக்கெட்டிய மனிதர் மீது கோபமாக விழும். சீருடையில் பக்கத்தில் நின்றவர் நீங்கள்.

சிலிண்டர் விஷயம் வேறு. செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும், அதைச் செய்ய இயலாத நிலையில் வைக்கப்பட்டதால் வரும் காயத்தை மனசாட்சிக் காயம் என்று சொல்லலாம். இது பயத்தால் வருவதில்லை; வெட்கமும் சினமும் கலந்தது. இதற்கு நான் பயன்படுத்தும் ஒரு வழி இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, அந்த மனிதரின் சாவுக்குக் காரணமான அனைத்தையும் எழுதுங்கள்: அவருடைய இதய நோய், வலி தொடங்கிய பின் வீட்டில் கழிந்த நேரம், கோவைக்கு இருக்கும் தொலைவு, வராத சிலிண்டர், அதை அனுப்ப வேண்டியவர், சாலை நெரிசல். உங்கள் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நூற்றில் எத்தனை பங்கு என்று மேலிருந்து கீழாகப் போடுங்கள். உங்களிடம் வந்து சேரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவேளை உண்மையாகவே ஒரு சிறு பங்கு மிஞ்சினால், புறப்படும் முன் சிலிண்டரின் அளவைப் பார்க்கத் தவறியதுபோல ஏதேனும் இருந்தால், அதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து பங்குக்கு நூறு பங்கின் தண்டனையை அனுபவிப்பது நியாயமாகாது.

இதோடு நான் நிறுத்திக்கொண்டால் என் கடமையில் தவறியவளாவேன். மூச்சுப் பயிற்சியாலும் ஆலோசனையாலும் காலியான சிலிண்டரை நிரப்ப முடியாது. ஊழியர்களின் மன உறுதியைப் பற்றிப் பேசுவது, போதிய கருவிகளும் போதிய ஓய்வும் தராமல் இருப்பதற்குத் திரையாகிவிடக் கூடாது. நீங்கள் ஒரு வாரமாகக் கேட்டதை, கேட்ட தேதிகளோடு, எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உடன் பணிபுரிவோரும் கையெழுத்திடட்டும். அடுத்த நோயாளிக்கு அது உதவும் என்பதோடு, மனசாட்சிக் காயம் ஆறுவதற்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை. அன்று செய்ய முடியாமல் தடுக்கப்பட்டதை இன்று ஒரு வடிவத்தில் செய்து முடிக்கிறீர்கள்.

*

பந்தலூர் அருகே எஸ்டேட் லயனில் வளர்ந்தவள் நான். நர்சிங் முடித்துவிட்டு ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர விரும்புகிறேன். "இளகின மனசு உனக்கு, தாங்க மாட்டே" என்று அம்மா அழுகிறார். தாங்குவேனா?
– வாசகி

தங்கையே, இளகிய மனம் இதற்குத் தடையில்லை. நீண்ட காலம் இந்தப் பணியில் நலமாக இருப்பவர்களை நான் பார்த்தவரை, அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பணிக்கு வெளியே அவர்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது: ஒருவர் காரட் பயிரிடுகிறார், ஒருவர் கோவிலில் பாடுகிறார், ஒருவர் ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிறார். மனம் விட்டுப் பேச ஓர் ஆளாவது அதே பணியில் இருக்கிறார். ஒவ்வொரு கேஸையும் முடித்து வைக்க அவர்களிடம் ஏதோ ஒரு வழக்கம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர், இறப்பு நேர்ந்த ஒவ்வொரு முறையும் வண்டியைக் கழுவிய பின் கடைசி வாளித் தண்ணீரை மட்டும் பக்கத்திலுள்ள செடிக்கு ஊற்றிவிட்டு, முகம் கழுவி, அதன் பிறகே வண்டியில் ஏறுவார். அவர் கடவுளைக் கும்பிட்டதாக எனக்குத் தெரியாது. அந்த வாளியோடு அந்தக் கேஸ் முடிந்தது என்று சொன்னார்.

இறப்புகளையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மலைப்பாதையில் மருத்துவமனை எட்டும் முன்பே பிறந்துவிடும் குழந்தைகளையும் நீங்கள்தான் கையில் ஏந்தப் போகிறீர்கள். பல ஆண்டுகளுக்குப் பின்னும், பிள்ளையைக் காட்ட அழைத்துவரும் தாய்மார்கள் உண்டு.

சேருங்கள். சேரும் முன் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: ஷிஃப்ட் முடிந்து வரும் சில நாள்களில் நான் பேசாமல் இருப்பேன், அது உன் மேல் கோபம் இல்லை, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் இரு என்று.